'தடை' என்று மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கொப்பியின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதற்கு ஒரேயொரு தமிழ்ச் சொல். எங்கள் பிள்ளைகள் இப்படித்தான் ஆங்கிலம் பாடமாக்குகிறார்கள். பத்திரிகைகளின் மாணவர் பகுதிகளும் பெரும்பாலும் இதே வடிவில்தான் சொற்களைத் தருகின்றன.

'சாங்ஷன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி என்பதும் அதன் பொருள். தண்டனையாக விதிக்கும் தடை என்பதும் அதன் பொருள். 2023 ஜனவரியில் இரு முன்னாள் ஜனாதிபதிகள் உட்பட இலங்கையர் நால்வர் மீது கனடா விதித்தது இந்தத் தடைதான். 'அனுமதி' என்று மட்டும் பாடமாக்கிய பிள்ளை அந்தச் செய்தியைத் தலைகீழாக விளங்கிக்கொள்ளும்.

பக்கத்தில் நிற்கும் சொற்களைப் பார்த்தால் குழப்பம் தீரும். முன்னால் 'இம்போஸ்' (விதித்தல்) அல்லது 'லிஃப்ட்' (நீக்குதல்), பின்னால் 'ஒன்' அல்லது 'எகெய்ன்ஸ்ட்' வந்தால் அது தடை. பெரும்பாலும் பன்மையில், 'சாங்ஷன்ஸ்' என்றே வரும். ஒருமையில் வந்து, முன்னால் 'ஒஃபிஷியல்' இருந்தால் பெரும்பாலும் அனுமதி. 'குழுவின் சாங்ஷன் இல்லாமல் செலவழிக்கக் கூடாது' என்பது போன்ற வசனங்களிலும் அப்படித்தான். வினைச்சொல்லாக வரும்போதுதான் அதிகம் தவறுகிறார்கள். அப்போது எதை என்று கேட்க வேண்டும். கடனை, செலவை, திட்டத்தை என்றால் அனுமதித்தார்கள். ஒரு நாட்டை, ஆளை, கம்பனியை என்றால் தடை விதித்தார்கள். பரீட்சையில் அனுமதி என்று எழுத வேண்டிய இடத்தில் 'அப்ரூவ்' என்றே எழுதுவது பாதுகாப்பு.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதும் இதே சிக்கல்தான். பாடசாலையில் போனுக்குத் தடை என்றால் 'பான்'. மின்தடை 'பவர் கட்'. தடைதாண்டி ஓட்டம் 'ஹர்டில்ஸ்'. மூன்றுக்கும் 'சாங்ஷன்' பொருந்தாது. 'தடை' என்ற ஒற்றைச் சொல்லைப் பாடமாக்கிய பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். தமிழில் ஒன்றைப் 'பற்றி' கலந்துரையாடுகிறோம் என்பதால் ஆங்கிலத்திலும் 'எபவுட்' சேர்த்துவிடுகிறார்கள். அந்த வினைக்குப் பின் அது வராது.

ஆகவே உங்கள் மாணவர் பகுதியில் நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போடும் இடத்தில் இரண்டை மட்டும் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முழு வசனங்களும், அதனுடன் சேர்ந்து வரும் சொற்களுக்கு ஒரு வரியும் கொடுங்கள்.

ஆங்கில ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.