பேஸ் ஏன் வந்து வந்து போகிறது?

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய பேஸ் லைனைக் கேட்டேன். ஒரு நோட் கனமாக விழுகிறது. அதே நோட் அடுத்த சுற்றில் சோகையாக வருகிறது. உன் விரலில் கோளாறு இல்லை. நீ வாசிப்பது மினிமோக் சிந்தசைசரின் சாஃப்ட்வேர் வடிவம். 1970இல் வந்த அசல் மினிமோக்கில் வெலாசிட்டியே, அதாவது கீயை அழுத்தும் வேகத்துக்கேற்பச் சத்தம் மாறும் வசதியே, கிடையாது. உன் சாஃப்ட்வேரில் அதை அணைத்துவிட்டு வாசித்துப் பார், அப்போதும் இப்படித்தான் இருக்கும்.

ஒலி அலையை உண்டாக்கும் இரண்டு ஆஸிலேட்டரையும் சாட்டூத் என்ற ரம்பப்பல் அலையில், ஒரே ஆக்டேவில் வைத்து, இரண்டாவதை 7 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஏழு பங்கு) விலக்கியிருக்கிறாய். 440 ஹெர்ட்ஸில் 7 சென்ட் என்றால் சுமார் 1.8 ஹெர்ட்ஸ் வித்தியாசம். நொடிக்கு ஏறக்குறைய இரண்டு தடவை ஒலி அலையும், கேட்க அகலமாக இருக்கும். அதே 7 சென்ட் 55 ஹெர்ட்ஸில் வெறும் 0.22 ஹெர்ட்ஸ்தான். ஒரு சுற்று முடிய நாலரை நொடி ஆகும். அதன் நடுவில் இரண்டு அலைகளின் அடிநாதமும், அதாவது மிகத் தாழ்ந்த கூறும், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உன் நோட்டோ அரை நொடிகூட இல்லை. கீயை அழுத்தாதபோதும் ஆஸிலேட்டர்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், நிறைந்த இடத்தில் நோட் தொடங்குமா வற்றிய இடத்திலா என்பது உன் கையில் இல்லை.

இரண்டாவதை 16 அடியிலிருந்து 8 அடிக்கு, அதாவது ஒரு ஆக்டேவ் மேலே, மாற்று. அடிநாதம் முதல் ஆஸிலேட்டரிலிருந்து மட்டும் வரும், அசையாது. அலைவது அதற்கு மேலே உள்ள ஹார்மோனிக்குகள்தான். கீயை அழுத்தும்போதெல்லாம் ஃபேஸை (அலை தன் சுற்றில் நிற்கும் இடத்தை) தொடக்கத்துக்குக் கொண்டுவரும் வசதியும் சில சாஃப்ட்வேரில் உண்டு. சீராகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு நோட்டும் அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிடும், எனக்குப் பிடிக்காது.

அடுத்தது, ஒலியின் மேல் பகுதியை வெட்டும் ஃபில்டர். ஆக்டேவுக்கு 24 டெசிபல் வெட்டும் இந்த லேடர் ஃபில்டரில் எம்ஃபசிஸை (வெட்டும் இடத்தைத் தூக்கிக் காட்டும் குமிழை) ஏற்ற ஏற்ற அடித்தளம் இளைக்கும். பேஸுக்கு 10இல் 2, 3 போதும். இளைத்ததை ஈடுகட்ட, ஆஸிலேட்டர்களின் அளவை வைக்கும் மிக்ஸரை முழுக்கத் திறக்காதே. பாதியைத் தாண்டினால் ஃபில்டரே முறுக்கிக் கரகரக்கத் தொடங்கும். அது வேண்டுமென்றே செய்தால் அழகு, தெரியாமல் நடந்தால் தொல்லை. ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும்போது எம்ஃபசிஸை உச்சத்துக்குத் திருப்பவே வேண்டாம். ஃபில்டர் தானாக விசிலடிக்கும், காது போய்விடும்.

ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடமான கட்-ஆஃபை ஒலி கிட்டத்தட்ட மறையும்வரை இறக்கு. பிறகு, நோட் தொடங்கியதும் ஃபில்டரைத் திறந்து மூடும் கான்டூரின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. ஃபில்டர் கான்டூரில் அட்டாக் (ஏறும் நேரம்) பூஜ்யம், டீக்கே (இறங்கும் நேரம்) 200 முதல் 300 மில்லிசெகண்ட், சஸ்டெயின் (நிலைக்கும் அளவு) பூஜ்யம். நறுக்கென்று தெறிக்கும். கையெடுத்த பின் ஒலி அடங்கும் நேரமான ரிலீஸுக்குக் குமிழைத் தேடாதே, கிடையாது. வீலுக்குப் பக்கத்தில் உள்ள டீக்கே ஸ்விட்ச்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதைப் போட்டால் டீக்கே நேரமே ரிலீஸ் நேரமும் ஆகும். அணைத்தால் கையெடுத்ததும் நோட் அறுந்துவிடும்.

நீ கேட்ட இன்னொன்று, சில நோட்டில் மட்டும் அந்தத் தெறிப்பு ஏன் வரவில்லை என்று. நோட்டுகளைக் கட்டங்களாகக் காட்டும் பியானோ ரோலில் அந்த நோட்டுகள் முந்தைய நோட்டின் வால் மேல் ஏறியிருக்கும். முதல் கீ விடுபடாமல் இரண்டாவதை அழுத்தினால் கான்டூர் மறுபடி தொடங்காது, சுருதி மட்டும் மாறும். போதாக்குறைக்கு அசலில் கீழ் நோட்டுக்குத்தான் முன்னுரிமை: தாழ்ந்த கீயைப் பிடித்துக்கொண்டு மேலே வாசித்தால் அந்த மேல் நோட் கேட்காது. நோட்டுகளின் வாலைச் சற்றுக் குறைத்துவிடு.

சாஃப்ட்வேரோடு வரும் தயார் பிரீசெட்டைத் திறந்து கற்றுக்கொள்ளப் பார்க்கிறாய் என்று நினைக்கிறேன். அதிலுள்ள ரிவர்பும் டிலேயும் பாதிக் குறையை மூடிவிடும். எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்து, எதுவும் சேர்க்காத வெறும் பேட்சில் (ஒலி அமைப்பில்) தொடங்கு. பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கிக்கொள். கூடச் சத்தமாக இருப்பதே நல்லதாகத் தோன்றும்.

முதலில் 8 அடி மாற்றத்தை மட்டும் செய்து அதே லைனை அனுப்பு. ஃபில்டரில் இப்போதைக்குக் கை வைக்காதே, எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

அன்புடன்,
அப்பா