அடுத்த பக்கத்தையும் படி, கண்ணு

அயனாவரம்,
சென்னை - 23.

அன்பு மகள் ஜெனிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். மழை ஆரம்பித்ததிலிருந்து முழங்கால் வலி மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ பேசி வைத்த பிறகு எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. போனில் பதில் சொல்லப் போனால் நான் அழுதுவிடுவேன், நீயும் வைத்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ட்ரீட்மென்ட்டுக்கென்று நீயும் மாப்பிள்ளையும் மூன்று வருஷமாகச் சேர்த்த இரண்டு லட்சத்தை அந்தப் பாஸ்டரிடம் "விசுவாச விதை"யாக, அதாவது பலன் கிடைக்கும் என்று நம்பிக் கொடுக்கும் காணிக்கையாக, கொடுக்கப் போகிறோம் என்றாய். தசமபாகம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, பாக்கி வைத்ததால்தான் உன் கர்ப்பம் அடைபட்டிருக்கிறது என்று மேடையிலிருந்தே சொன்னாராம். மாதம் முடிவதற்குள் விதைத்தால் அடுத்த வருஷம் இதே நாளில் மடியில் குழந்தை என்றாராம். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. ஏனென்றால் இந்த வார்த்தைகளை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன் ஜெனி. 2011-இல் நீ பிளஸ் டூ படிக்கும்போது அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, அப்போது என் நாலு பவுன் வளையல் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போனது என்று சொன்னேன். அது அங்கே போகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு உபவாசக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். நம் சபை இல்லை, வேறு இடம். வாசலிலேயே கையில் ஒரு கவர் கொடுத்தார்கள். பெயர், ஜெப விண்ணப்பம், அதற்குக் கீழே தொகை எழுத ஒரு கோடு. "ஆபிரகாம் பெற்ற பிள்ளையையே கொடுக்கத் துணிந்தான், உனக்குப் புருஷனைவிட நகை பெரிதா?" என்று மேடையில் நின்ற பாஸ்டர் கேட்டார். அவ்வளவு கூட்டத்தில் என்னைத்தான் கேட்கிறார் என்று தோன்றியது. வளையல் கழலவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழற்றினேன். மணிக்கட்டில் தோல் உரிந்து எரிந்தது. ஈரத்தோடு கவரில் போட்டதால் நான் எழுதிய அப்பா பெயர் மை கலைந்து போனது. அந்தக் கவர் இன்னமும் என் கண்ணில் நிற்கிறது.

பதினோராம் நாள் அப்பா போய்விட்டார்.

அடக்கத்துக்கு அந்தப் பாஸ்டர் வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஆள் அனுப்பினார். "சகோதரி, கொடுக்கும்போது உங்கள் மனதில் சந்தேகம் இருந்திருக்கும்" என்று அந்தப் பையன் சொல்லிவிட்டுப் போனான். ரெண்டு வருஷம், ஜெனி, உங்கப்பாவை நான்தான் கொன்றேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வளையல் போனதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அந்த ரெண்டு வருஷத்தை மறக்க முடியவில்லை. நாளைக்கு உனக்கும் அதையேதான் சொல்வார்கள். குழந்தை பிறந்தால் அவருடைய ஜெபம், பிறக்காவிட்டால் உன்னுடைய அவிசுவாசம்.

நம் சபை வேதபாட வகுப்பில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர்தான் என்னை அதிலிருந்து மீட்டார். அவர் புதிதாக எதுவும் போதிக்கவில்லை. யாராவது ஒரு வசனத்தைச் சொன்னால், "முன்பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் வாசிங்கம்மா" என்பார், அவ்வளவுதான்.

சூனேம் ஊராளைச் சொல்லித்தானே உங்கள் பாஸ்டர் உன்னிடம் பணம் கேட்டார்? தீர்க்கதரிசிக்கு வீடு கட்டிக் கொடுத்தாள், அதனால் பிள்ளை பெற்றாள் என்று. 2 இராஜாக்கள் 4-ஐ எடுத்து வைத்துக்கொள். அந்தத் தீர்க்கதரிசி எலிசா எதையும் கேட்கவில்லை. போகவர இருக்கிறாரே என்று அவளே புருஷனிடம் சொல்லி, மாடியில் ஒரு சின்ன அறை கட்டினாள். உள்ளே என்னென்ன வைத்தாள் என்றும் எழுதியிருக்கிறது. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு குத்துவிளக்கு. உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று எலிசா கேட்டபோதும் அவள் பிள்ளை கேட்கவில்லை, என் ஜனத்தின் நடுவே சுகமாயிருக்கிறேன் என்றாள். இப்போது அடுத்த அதிகாரம். சீரியப் படைத்தலைவன் நாகமான் எலிசாவின் சொல்படி செய்து குஷ்டம் நீங்கிக் காணிக்கையோடு வந்து நிற்கிறான், எலிசா வாங்க மாட்டேன் என்கிறார். எலிசாவின் வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடி, பொய் சொல்லி வெள்ளியும் துணியும் வாங்குகிறான். அந்தக் குஷ்டம் அவன்மேல் வந்தது. 4-ஆம் அதிகாரத்தை உனக்கு வாசித்தவர் 5-ஆம் அதிகாரத்தை ஏன் வாசிக்கவில்லை?

அன்னாளையும் சொல்லியிருப்பார். பிள்ளையில்லாத பெண்களுக்கு அன்னாளைச் சொல்லாத கூட்டம் இல்லை. பிள்ளை வேண்டி அவள் பொருத்தனை பண்ணினாள், நேர்ந்துகொண்டாள், உண்மைதான். ஆனால் பிறக்கப்போகும் பிள்ளையையே கர்த்தருக்குக் கொடுப்பேன் என்றாள், ஆசாரியனுக்குப் பணம் தருகிறேன் என்று சொல்லவில்லை. ஆசாரியன் ஏலியும் எதையும் வாங்கவில்லை, சமாதானத்தோடே போ என்று அனுப்பினார். அப்புறம் 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரத்துக்கு வா. அதே ஆலயம், ஏலியின் பிள்ளைகள் ஓப்னி, பினெகாஸ். ஜனங்கள் பலியிட்டு இறைச்சி வேகும்போது அவர்களுடைய வேலைக்காரன் மூன்று கூருள்ள ஆயுதத்தோடு வந்து சட்டியில் குத்தி, வந்ததையெல்லாம் எடுத்துக்கொள்வான். முதலில் கொழுப்பைத் தகனிக்கட்டும் என்றால், "இப்பொழுதே கொடு, இல்லாவிட்டால் பலவந்தமாய் எடுத்துக்கொள்ளுவேன்" என்பான். வாசித்தபோது எனக்கு அந்தக் கூட்டத்தில் கேட்ட குரலே காதில் விழுந்தது, கண்ணு. அந்தப் பிள்ளைகளைக் கர்த்தர் என்ன செய்தார் என்பதை நீயே படித்துக்கொள்.

மல்கியா 3:10-தான் இவர்கள் எல்லோருக்கும் மூலதனம். தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகளைத் திறப்பார், சரி. ஆனால் அந்தப் பண்டசாலை எதற்கு? ஆலயத்தில் ஆகாரம் இருக்க. ஆலய வேலை செய்த, நிலமில்லாத லேவியர் சாப்பிட. உபாகமம் 14-இல் மூன்றாம் வருஷத் தசமபாகம் யாருக்கு என்று தெளிவாக இருக்கிறது: லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை. வாங்கிச் சாப்பிட வேண்டிய பட்டியலில் இருந்தவள் நான். என்னிடம் வளையலை வாங்கினார்கள். மல்கியாவிலேயே 10-க்கு ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரனையும் விதவையையும் ஒடுக்குகிறவர்களுக்கு விரோதமாகச் சாட்சியாய் வருவேன் என்கிறார் கர்த்தர். ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட ரெண்டு காசும் இப்படித்தான். மாற்கு 12-இல் அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து நீண்ட ஜெபம்பண்ணுகிறவர்கள் என்று இயேசு சொல்லி வாய் மூடவில்லை, அந்த விதவை வந்து காசைப் போடுகிறாள்.

இது நேற்று தொடங்கிய வியாபாரமும் இல்லை. ரோமில் பேதுரு ஆலயம் கட்ட ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள். 1517-இல் லூத்தர் அதை எதிர்த்து 95 வாசகங்கள் எழுதினார். அந்த லூத்தர் வழியில் வந்த மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தார். நாமே வாசித்துத் தெரிந்துகொள்ளத்தானே அந்தப் பாடெல்லாம்?

காணிக்கையே கொடுக்காதே என்று அம்மா சொல்வதாக நினைத்துவிடாதே. உன் அப்பாயி தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தில் தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அரிசி குறைவான நாளில் கைப்பிடியும் சின்னதாகும், யாரும் அளந்து பார்த்ததில்லை. பாட்டிலைத் தலைப்பில் துடைத்து எடுத்துக்கொண்டு நடக்கும்போது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று பவுல் எழுதியதை நான் அந்த முகத்தில் பார்த்திருக்கிறேன். அந்தப் பவுலும் எருசலேம் ஏழைகளுக்காகத்தான் பணம் சேர்த்தார். யாரும் குற்றம் சொல்லக் கூடாதென்று, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூடவே சேர்த்துக்கொண்டார். 2 கொரிந்தியர் 8-இல் இருக்கிறது. உங்கள் பாஸ்டரிடம் வரவு செலவு கேட்டுப் பார். கேட்டதற்கே சாபம் என்றால், மறுபடியும் அங்கே போகாதே.

மாப்பிள்ளைக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை என்று உன் பேச்சிலேயே தெரிந்தது. அவரோடு சண்டை போடாதே. டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிப்போடாதே, பேங்க்கில் இருக்கும் பணத்தைத் தொடாதே. வியாழக்கிழமை பிருந்தாவன் ரயிலில் பெங்களூர் வருகிறேன், கே.ஆர்.புரத்தில் இறங்கிக்கொள்கிறேன். நாம் ரெண்டு பேரும் டாக்டரிடம் போவோம். ராத்திரி உட்கார்ந்து சாமுவேலை முதலிலிருந்து வாசிப்போம். நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா