ஐந்தாவது புகார்: முதல் நாளே வாங்கிய டிஸ்க்கும் செல்லாத கோடும்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 2023 நவம்பரில் வெளியான உங்கள் வீடியோ கேமின் டீலக்ஸ் எடிஷனுக்குத் தவறான டிஸ்க் அனுப்பியது, கூடுதல் கதையைத் திறக்கும் ரகசியக் கோடு (code) செல்லாமல் போனது, போனில் அவமதித்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் வந்த பதில்களில் ஒரு வரி மட்டும் மாறவே இல்லை: "உங்கள் பொறுமைக்கு நன்றி." அந்தப் பொறுமை போன மாதம் 19-ஆம் தேதி மதியத்தோடு தீர்ந்துவிட்டது. ஆர்டர் எண் மின்னஞ்சல் தலைப்பிலேயே இருக்கிறது. கேமின் பெயரை எழுதத் தேவையில்லை, செய்தவர்கள் நீங்கள்தானே. நான்காவது அத்தியாயத்துப் பாலம் என்றால் எந்தப் பாலம் என்றும் உங்களுக்குத் தெரியும்.

19-ஆம் தேதி உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். 22 நிமிடம் அதே புல்லாங்குழல். அதற்குப் பிறகு எடுத்தவரிடம் முதலிலிருந்து கதை சொன்னேன். புகாருக்கு டிக்கெட் நம்பர் இருக்கிறதே, அதைத் திறந்து பார்க்கக் கூடாதா என்று கேட்டதற்கு "அது வேற டீம் சார்" என்றார். சரி என்று மறுபடி சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: "லாஞ்ச் அன்னிக்கே வாங்கச் சொல்லி உங்கள யார் சார் கட்டாயப்படுத்துனாங்க? கொஞ்சம் வெய்ட் பண்ணியிருந்தா கம்ப்ளீட் எடிஷனே பாதி விலைக்குக் கிடைச்சிருக்கும்ல." கூடுதல் கதையும் சேர்த்துப் பின்னால் மலிவாக நீங்கள் விட்ட பதிப்பைச் சொல்கிறார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த இன்னொருவரும் சிரித்தது கேட்டது. பெயரைக் கேட்டேன், "அதெல்லாம் சொல்ல மாட்டோம்" என்று வைத்துவிட்டார்.

அவரைப் பற்றி மறுபடி வருகிறேன். முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

2023 செப்டம்பரில் ப்ரீ-ஆர்டர் திறந்த அன்றே உங்கள் சொந்தத் தளத்தில் 5,999 ரூபாய் கட்டினேன். சாதாரண டிஸ்க் 4,999. பின்னால் வரப்போகும் கூடுதல் கதையும் சேர்த்து வேண்டும் என்பதற்காக டீலக்ஸ். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் கேமுக்குள் அணிய ஒரு வெள்ளிக் கவசம் என்று வேறு சொன்னீர்கள். நவம்பர் 10, வெள்ளிக்கிழமை, வெளியாகும் நாளிலேயே வீட்டுக்கு வந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஞாயிறு தீபாவளி, திங்கள்கிழமையும் விடுமுறை. என் தம்பி ஓசூரிலிருந்து இதற்காகவே வியாழன் இரவே பஸ் ஏறி வந்திருந்தான். சின்ன வயதிலிருந்து தீபாவளிக்குப் புது கேம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான்கு நாள் இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பட்டாசுகூட வாசலில்தான் வெடித்தோம், டெலிவரி ஆள் வந்தால் தவறிவிடக் கூடாதே என்று. திங்கள் இரவு அவன் ஊருக்குப் போனான். செவ்வாய் காலை பெட்டி வந்தது.

அதைக்கூட மன்னித்துவிட்டேன். மழைக்காலம், லாரி தாமதமாகியிருக்கலாம்.

டிஸ்க்கைப் போட்டால், குறைகளைச் சரிசெய்ய 41 ஜிபி பேட்ச். இறங்கி முடிய ஒரு ராத்திரி. அப்புறம் பாலம். பாலத்தைத் தாண்டினால் கேம் அணைந்து, அதுவரை ஆடியதன் பதிவான சேவ் கெட்டுப்போகும். 26 மணி நேர ஆட்டம் எனக்குப் போனது. நீங்கள் அதைச் சரிசெய்தது மூன்றாவது பேட்ச்சில், 2024 ஜனவரியில். அதாவது டிசம்பர் முழுக்க உங்கள் கேமைக் காசு கொடுத்துச் சோதித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். எந்த இடத்தில் விழுகிறது, எந்த ஆயுதம் கையில் இருந்தால் விழுகிறது என்று நான் எழுதி அனுப்பிய குறிப்பு உங்களிடம் இருக்கும். அதற்கும் "உங்கள் பொறுமைக்கு நன்றி"தான் வந்தது.

இப்போது கோடு விஷயம். பெட்டிக்குள் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு, அதில் 12 எழுத்துக் கோடு. கூடுதல் கதை 2024 அக்டோபரில் வந்தது. அன்று மாலை ஆபீஸிலிருந்து வந்து, குளித்து, சோபாவில் உட்கார்ந்து கோடை அடித்தேன். செல்லாது என்றது. பூஜ்ஜியமா ஓ-வா என்று மாற்றி மாற்றி அடித்தேன். மனைவி வந்து படித்துச் சொல்ல நான் அடித்தேன். ம்ஹூம். சீட்டின் கீழே பொடி எழுத்தில் கடைசித் தேதி 2024 நவம்பர் 30 என்று இருந்தது. அன்றிரவே உங்களுக்கு எழுதினேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்து உங்கள் பதில்: கோளாறு கன்சோலில் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு அம்பத்தூரில் உள்ள எங்கள் சேவை மையத்துக்கு நேரில் வரவும். முகவரியும் நீங்கள் கொடுத்ததுதான்.

என் வீடு பல்லாவரம். சனிக்கிழமை, நல்ல மழை. என் கன்சோல், அதாவது கேம் ஆடும் பெட்டியான பிளேஸ்டேஷன் 5, நாலரைக் கிலோ. அதைத் துண்டில் சுற்றி, குப்பை போடும் கறுப்புக் கவரில் போட்டு, மகனுடைய ஸ்கூல் பையில் திணித்து, ரயிலில் பார்க் ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து மூர் மார்க்கெட்டுக்கு நடந்து, இன்னொரு ரயில் பிடித்து அம்பத்தூரில் இறங்கி, ஆட்டோவுக்கு 180 ரூபாய் கொடுத்துப் போய்ச் சேர்ந்தேன். அது பார்சல் கிடங்கு. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி என் பையைப் பார்த்துவிட்டு, "சார், இங்க பார்சல்தான் வரும், ஆளுங்க யாரும் வரமாட்டாங்களே" என்றார். பாவம், நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார், பையை வைக்க ஸ்டூலையும் கொடுத்தார். இந்த ஒன்றரை வருடத்தில் உங்கள் சார்பில் என்னிடம் மரியாதையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். அவரும் உங்கள் ஆள் இல்லை, கிடங்கின் ஆள்.

யார் கட்டாயப்படுத்தினார்கள் என்று போனில் கேட்டாரே அந்த மனிதர், அவருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். நீங்கள்தான் கட்டாயப்படுத்தினீர்கள். செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதத்தில் 14 மின்னஞ்சல். "இன்னும் சில பெட்டிகளே", "முதல் நாள் வீரர்களுக்கு மட்டும்". அந்த "மட்டும்" வெள்ளிக் கவசம் இப்போது 2,499 ரூபாய் கம்ப்ளீட் எடிஷனிலும் இருக்கிறது. உங்கள் பட்டியலில் மூன்றாவது வரி, பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடு ஏன் செல்லவில்லை என்பதைக் கண்டுபிடித்ததும் உங்கள் நிறுவனம் இல்லை. டிசம்பரில் வேறு வேலையாக ரிச்சி ஸ்ட்ரீட் போனபோது பழைய டிஸ்க் வாங்கி விற்கும் கடையில் ஒரு பையனிடம் பெட்டியைக் காட்டினேன். திறக்கக்கூட இல்லை. முன்பக்கத்து மூலையைக் கட்டைவிரலால் தட்டி, "ணா, இது நம்ம பக்கத்து டிஸ்க்கே இல்லணா" என்றான். நம் ஊருக்கு முறையாக வரும் டிஸ்க்கில் ஐரோப்பிய வயது வரம்பு முத்திரை, சிவப்புக் கட்டத்தில் 18 என்று இருக்கும். என்னுடையதில் கறுப்பு வெள்ளையில் எம் என்ற எழுத்து. அது அமெரிக்க டிஸ்க். பிளேஸ்டேஷன் 5-இல் எந்த ஊர் டிஸ்க்கும் ஓடும், ஆனால் கூடுதல் கதை, கோடு எல்லாம் டிஸ்க் எந்தப் பகுதியோ அந்தப் பகுதிக் கணக்கில்தான் சேரும். இந்தியக் கணக்கில் சேராது. இரண்டு நிமிடத்தில் ஒரு கடைப் பையன் சொன்னதை, கேமை உருவாக்கி, பெட்டியில் போட்டு, விற்ற நீங்கள் இரண்டு மாதமாகச் சொல்லவில்லை. இந்திய முகவரிக்கு இந்தியத் தளத்தில் ரூபாயில் பணம் வாங்கிக்கொண்டு அமெரிக்க டிஸ்க் அனுப்பியது யார் தவறு?

இதை எழுதிக் கேட்டதற்கு வந்த பதிலை நான் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். "அமெரிக்க முகவரியில் புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கி முயற்சிக்கவும்." ஐயா, அமெரிக்காவில் எனக்கு வீடு இல்லை. சரி, அதையும் செய்து பார்ப்போம் என்றால், பதில் வந்த தேதி டிசம்பர் 27. கோடு செத்து நான்கு வாரம் ஆகியிருந்தது.

பிப்ரவரியில் கம்ப்ளீட் எடிஷனை விட்டீர்கள். எல்லா பேட்ச்சும் உள்ளே, கூடுதல் கதையும் உள்ளே, விலை நான் கொடுத்ததில் பாதிக்கும் கீழே. அது உங்கள் வியாபாரம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. விலை குறையும் என்று தெரியாத குழந்தை இல்லை நான். ஆனால் பழைய டிஸ்க்கின் சேவ் புதியதில் ஏறாது என்று ஏன் செய்தீர்கள்? முதலில் வாங்கியவன் 60 மணி நேரம் ஆடியதை விட்டுவிட்டு மறுபடி முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டுமா? அந்தப் பாலத்தை நான் மூன்றாவது முறை தாண்ட வேண்டுமா?

மற்றவர்களும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். தி விட்சர் 3 என்ற கேம் 2015-இல் வந்தது. 2022 டிசம்பரில் புதிய கன்சோல்களுக்கு மெருகேற்றியபோது ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அதை இலவசமாகவே கொடுத்தார்கள். அதே நிறுவனத்தின் சைபர்பங்க் 2077 என்ற கேம் 2020 டிசம்பர் 10 அன்று எந்த லட்சணத்தில் வந்தது என்று உலகத்துக்கே தெரியும். ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷனின் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள், திரும்பி வந்தது 2021 ஜூனில். ஆனால் அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், கேட்டவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. "யார் உங்களை அன்றைக்கே வாங்கச் சொன்னது" என்று சிரிக்கவில்லை. கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியிருந்தால், இரண்டு வாரத்துக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் வாபஸ். டிஸ்க் வாங்கியவனுக்கு அதுவும் இல்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு நண்பர் இருக்கிறார். எந்த கேமையும் வந்து ஒரு வருடம் ஆகாமல் தொட மாட்டார். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று டீ குடிக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சொல்வார். அவர் போன வாரம் உங்கள் கம்ப்ளீட் எடிஷனை வாங்கி, கூடுதல் கதையின் முடிவை என்னிடமே சொல்லிவிட்டார். எல்லோரும் அவரைப் போல இருந்தால் உங்களுக்குக் கம்ப்ளீட் எடிஷன் போடக் காசு எங்கிருந்து வரும்? முதல் நாள் முழு விலை கொடுத்த நாங்கள்தானே உங்களை ஓட வைத்தோம்?

என் இழப்பைக் கணக்குப் போட்டேன். டிஸ்க் 5,999. அம்பத்தூர் போக்குவரத்து, ஆட்டோ, எல்லாம் சேர்த்து 420. உங்கள் போனுக்காக எடுத்த மூன்று அரைநாள் லீவுக்குச் சம்பளம் 3,600. முதல் மாதமே விற்றிருந்தால் அந்த டிஸ்க்குக்கு 3,500 கிடைத்திருக்கும், இன்று அமெரிக்க டிஸ்க் என்பதால் 600-க்கு மேல் தர மாட்டேன் என்கிறார்கள். இந்த கேமை நம்பி வாங்கிய 55 இன்ச் டிவியின் தவணை இன்னும் ஓடுகிறது. வீணாக அம்பத்தூர் வரை சுமந்த கன்சோல் 49,990. கெட்டுப்போன தீபாவளிக்கும் தம்பியின் லீவுக்கும் நீங்களே ஒரு விலை போடுங்கள். நான் ஒரு லட்சம் போட்டிருக்கிறேன். அதிகம் என்று தோன்றினால் அம்பத்தூருக்கு ஒரு முறை மழையில் போய் வந்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் சண்டைக்காரன் இல்லை. உங்கள் பழைய கேம்கள் மூன்று என் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் இரண்டை இன்றும் எடுத்து ஆடுகிறேன். அந்த மதிப்பில்தான் கேட்கிறேன்: என் இந்தியக் கணக்கில் ஏறக்கூடிய கம்ப்ளீட் எடிஷனைக் கொடுத்து, பழைய சேவ் அதில் ஓட வழி செய்யுங்கள். முடியாதென்றால் 5,999 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், டிஸ்க்கை நானே பார்சலில் அனுப்புகிறேன், அம்பத்தூருக்கு வழி தெரியும். கூடவே, 19-ஆம் தேதி மதியம் என்னிடம் பேசியவர் சார்பில் எழுத்தில் ஒரு மன்னிப்பு. இதில் பேரம் இல்லை.

இணைய வணிகத்துக்கான 2020 நுகர்வோர் விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் முதல் புகாரின் வயது ஐந்து மாதம். 15 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுவேன், அப்புறம் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. வக்கீலும் வேண்டாம், நானே பேசுவேன். கதை எனக்கு மனப்பாடம், உங்கள் ஆட்களிடமே பதினோரு முறை சொல்லியிருக்கிறேன்.

சீட்டின் படம், டிஸ்க் பெட்டியின் முன்பக்கம், அம்பத்தூர் ஷட்டர், மூன்றும் இணைத்திருக்கிறேன். ஷட்டர் படத்தில் ஓரமாகத் தெரிவது என் மகனின் ஸ்கூல் பை.

இப்படிக்கு,
முன்பதிவு திறந்த அன்றே பணம் கட்டிய வாடிக்கையாளர்,
பல்லாவரம்.

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் அடுத்த கேமுக்கு முன்பதிவு தொடங்கிவிட்டதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்த முறை தங்கக் கவசமாம். அந்தப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். நானே இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன், எடுபடவில்லை.