பல்லாவரத்தில் கிடைத்ததைப் பல்லாவரத்துக்கும் காட்டுங்கள்

எழும்பூர் அரசு அருங்காட்சியக இயக்குநர் அவர்களுக்கும் தொல்லியல் பிரிவுக் காப்பாட்சியர்களுக்கும்,

வணக்கம்.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில், ராணுவ மைதானத்துப் பக்கம் சரளை தோண்டிய ஒரு குழியில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அதிகாரி ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல். இந்தியாவில் பழங்கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்ற ஆராய்ச்சியே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதைப் பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறார்கள், ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாகவும் எழுதுகிறார்கள். தாங்கள் தினமும் பஸ் ஏறுகிற பல்லாவரம்தான் அது என்பது பல பிள்ளைகளுக்கு உறைப்பதே இல்லை. நான் இந்த ஊரில் குடியிருப்பவன். அதனால்தான் இந்த மடல்.

சென்னை என்றாலே எல்லோரும் 1639-ஐச் சொல்கிறார்கள். கோட்டை கட்ட இடம் கிடைத்த நாளைத்தான் நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் உங்களுக்குத் தெரிந்த சென்னை வேறு. மாம்பலத்து மண்ணில் வெள்ளி முத்திரைக் காசுகளோடு ரோமப் பேரரசர் அகஸ்டஸின் காசும் கிடைத்தது. கீழ்ப்பாக்கத்தில் முதுமக்கள் தாழி கிடைத்தது. பல்லாவரத்துக் குன்றின் அடியில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ, இறந்தவர் எலும்புகளை வைத்துப் புதைக்கும் சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டெடுத்தார். கொஞ்சம் தள்ளி, கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்கருவிகள் 1904-இல் உங்களிடம்தான் வந்து சேர்ந்தன. இவ்வளவும் தெரிந்த ஒரே வீடு இந்த நகரத்தில் உங்கள் வீடுதான். அந்தச் செய்தி உங்கள் பாந்தியன் சாலை மதிலைத் தாண்டி வெளியே வர வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

மக்களுக்கு ஆர்வமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2019-இல் கீழடிக் குழிகளைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வந்ததை நாடே பார்த்தது. 2023-இல் அங்கே அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. அதே ஆண்டு ஆதிச்சநல்லூரில், தோண்டிய குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, காலுக்குக் கீழே தாழிகளைப் பார்க்கும்படி செய்தார்கள். அந்த ஆதிச்சநல்லூரில் ரீ நூறாண்டுக்கு முன் தோண்டி எடுத்தவற்றில் பெரும்பகுதி உங்கள் கூடத்தில் இருக்கிறது. பொருள் உங்களிடம், கூட்டம் அங்கே. கிடைத்த இடத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் மக்களுக்கு ஒரு பொருள் தன்னுடையதாகத் தோன்றுகிறது என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் அருங்காட்சியகமும் ஒரு காலத்தில் இப்படிக் கூட்டம் சேர்த்ததுதான். பழைய சென்னைக்காரர்கள் அதைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் உரிமையோடு கூப்பிட்டார்கள். காணும் பொங்கலுக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வெளியே அதிகம் வராத பெண்களுக்காகத் தனி நேரம் ஒதுக்கிய காலமும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கும் கதவைத் திறந்து வைத்த மரபு உங்களுடையது.

சரி, என்ன செய்யலாம்?

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் சந்தை கூடுகிறது. செடி, புறா, பழைய கடிகாரம், உடைந்த நாற்காலி, எந்தக் காலத்ததென்று தெரியாத பித்தளைச் சாமான் எல்லாம் கிடைக்கும். பழைய பொருளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் உள்ள கூட்டம் அது. வெள்ளிக்கிழமைதான் உங்களுக்கு வார விடுமுறை. ஊழியர்களின் ஓய்வைப் பறிக்கச் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மாற்று விடுப்புக் கொடுத்து இரண்டு பேரை அனுப்புங்கள். ஒரு மேசை, கைக்கோடாரி என்கிற பழங்கற்காலக் கல் கருவியின் வார்ப்பு நகல்கள், ஈமப்பேழையின் பெரிய படம் ஒன்று. இவ்வளவு இருந்தால் போதும்.

கைக்கோடாரியைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பவருக்கு அது வெறும் கல்தான். கையில் கொடுத்துப் பாருங்கள். பருத்த பக்கம் உள்ளங்கையில் அப்படியே உட்காரும். ஒரு பக்கம் திருப்பினால் விரல் சறுக்கும், மறுபக்கம் திருப்பினால் பிடி கிடைக்கும். விளிம்பில் விரலை ஓட்டினால் ஒவ்வொரு சில்லும் பெயர்ந்த பள்ளம் தட்டுப்படும், ஒரு பள்ளம் இன்னொன்றின் மேல் ஏறியிருக்கும். எந்த அடி முதலில், எந்த அடி பிறகு என்று ஒரு சிறுபிள்ளையால்கூடச் சொல்லிவிட முடியும். குவார்ட்சைட் கல்லை அப்படி உடைப்பது லேசான வேலை இல்லை. இன்னொரு கல்லால், சரியான கோணத்தில், சரியான வேகத்தில் அடிக்க வேண்டும். ஒரு அடி தப்பினால் கல் பாழ். இதை ஒருவர் செய்தும் காட்டினால் எந்த விளக்கப் பலகையும் வேண்டாம். பார்வையற்றவர்களுக்கு உங்கள் கூடத்தைத் திறந்துவிடவும் இதுதான் வழி. கிடைத்த இடமோ மண் அடுக்கோ பதிவாகாத பானை ஓடுகள், கற்சில்லுகள் சேமிப்பறையில் இருந்தால் அவற்றை இதற்கென்றே ஒதுக்கலாம். ஆய்வுக்கு அவ்வளவாக உதவாதவை ஆயிரம் கைகளுக்கு உதவும்.

ஈமப்பேழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீளவாக்கில் ஒரு தொட்டி, அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள், இறந்தவரின் எலும்புகளை வைத்துப் புதைக்க மண்ணில் வனைந்து சுட்டது. சில ஆண்டுகளுக்கு முன்பும் ஜமீன் பல்லாவரத்தில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது ஒரு பேழை வெளிவந்தது. வீடுகளுக்கு நடுவே! இதில் ஒரு வருத்தம் இருக்கிறது. ஜமீன் பல்லாவரம் பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால், 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 100 மீட்டருக்குள் புது வீடு கட்ட முடியாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். கடன் வாங்கி மனை வாங்கியவர்கள், அப்பா காலத்து வீட்டில் ஒரு மாடி எழுப்ப நினைத்தவர்கள், பல காலமாக மனுவோடு அலைகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை தொல்லியல் என்றால் 'கட்டக் கூடாது' என்று சொல்லும் காகிதம்தான். தங்கள் வாசலுக்குக் கீழே யார் புதைக்கப்பட்டார்கள், எப்படிப் புதைத்தார்கள் என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. எதைக் காப்பாற்றச் சொல்கிறோம் என்று காட்டாமலே காப்பாற்றச் சொல்வது நியாயமா?

அந்தச் சட்டம் உங்கள் கையில் இல்லை, நீங்கள் மாநில அரசின் துறை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ரீ கண்டெடுத்த பேழை உங்களிடம் இருக்கிறது. அந்தத் தெருக்காரர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூருக்கு அழையுங்கள், கட்டணம் இல்லாமல். மின்சார ரயிலில் நேராக வந்துவிடலாம். மத்தியத் தொல்லியல் துறையிலிருந்தும் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர்கள் குறையையும் கேளுங்கள், பேழையையும் காட்டுங்கள். மனை விவகாரம் அதனால் தீர்ந்துவிடாது. ஆனாலும் முதல் தடவையாக அவர்களிடம் ஒருவர் மனிதரோடு மனிதராகப் பேசியிருப்பார்.

அப்புறம், கண்டெடுத்தவர்கள். உங்கள் வெண்கலக் கூடத்தில் நிற்கும் சிலைகள் பலவும் புதையல் சட்டத்தின் வழியாக வந்தவை. வயலில் ஏர் ஓட்டியவர், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிய கூலியாள், கிணறு வெட்டியவர் மண்வெட்டியில் தட்டுப்பட்டு, தாசில்தார் அலுவலகம் போய், ஆட்சியர் வழியாக உங்களிடம் வந்தவை. எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்பதோடு எப்படிக் கிடைத்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள். பதிவேட்டில் பெயர் இருந்தால், அந்தக் குடும்பம் சம்மதித்தால், பெயரையும் போடுங்கள். பல்லவர் பெயரும் சோழர் பெயரும் இருக்கும் அட்டையில் கிணறு வெட்டிய ஒருவரின் பெயரும் இருக்கட்டும்.

இன்றைக்கும் இந்த நகரம் தோண்டிக்கொண்டேதான் இருக்கிறது. மெட்ரோவுக்கு, மழைநீர் வடிகாலுக்கு, அடுக்குமாடிக்கு. ஜேசிபி ஓட்டுகிறவர் ஒரு கறுப்பு-சிவப்புப் பானை விளிம்பைப் பார்த்தால் யாரிடம் சொல்வது? சொன்னால் வேலை நின்றுவிடும் என்ற பயத்தில் மண்ணோடு லாரியில் ஏற்றிவிடுகிறார்கள் என்றால், அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு தொலைபேசி எண்ணைத் தமிழில் பெரிதாக எழுதி, வேலை நடக்கும் இடங்களில் ஒட்டுங்கள். ஒரு படம் எடுத்து அனுப்பினால் அன்றைக்கே பதில் வரும் என்றும், பார்ப்பதற்காக வேலையை எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டியிருக்கும் என்றும் அதிலேயே சொல்லுங்கள். ஏதென்ஸில் மெட்ரோ தோண்டியபோது கிடைத்தவற்றைச் சின்டாக்மா நிலையத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எழும்பூர் மெட்ரோ நிலையம் உங்களிடமிருந்து நடக்கிற தூரம்தான். அங்கேயும் பல்லாவரம் ரயில் நிலையத்திலும் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதில் அந்தந்த ஊர்ப் பொருளின் நகல். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

சந்தை மேசைக்கு இடம் பிடித்துக் கொடுக்கவும், பள்ளிகளில் ஆசிரியர்களிடம் பேசவும், ஜமீன் பல்லாவரத்துத் தெருக்களில் வீடு வீடாகப் போய் அழைக்கவும் இங்கே ஆட்கள் இருக்கிறோம். எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
பல்லாவரத்தில் குடியிருக்கும் ஒருவர்