வரப்போரத்துக் கதிர்

தஞ்சாவூர்
மாசி 8

அன்புள்ள மாப்பிள்ளை,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு மாசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதைக் கொஞ்சம் தள்ளி வை, கீழே இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு இடது கண் ஆபரேஷன் ஆனது. இப்போது சீரியலில் யார் எவ்வளவு பவுடர் அப்பியிருக்கிறார்கள் என்பதுவரை சொல்கிறாள். சம்பா அறுத்தாயிற்று. மெஸ் மாமா போய்விட்டார், கேள்விப்பட்டிருப்பாய். அதை நேரில் பேசுவோம்.

முதலில் திருபுவனத்து மச்சான் கேட்ட சங்கதி. எவனோ ஒரு வெள்ளைப் பொடியைக் கொண்டுவந்து, நீலத் தண்ணீரில் கலக்கி வெயிலில் வைத்தானாம். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டதாம். சாயப்பட்டறைக் கழிவுக்கு இனி இதுதான் மருந்து என்றானாம். பொடி நிஜம்தான். டைட்டானியம் டை ஆக்சைடு. வீட்டுப் பெயிண்டிலும் இருப்பது அதுதான். ஹாஸ்டல் மாடிச் சுவரில் சாய்ந்தால், ஒட்டடைக்குச்சி என்று நாம் கூப்பிடுவோமே, அவனுடைய சட்டை முதுகு வெளுத்துப் போகுமே, நினைவிருக்கிறதா? வெயிலில் இந்தப் பொடி தன்னைச் சுற்றியிருக்கும் பெயிண்டுப் பசையையே தின்றுவிடும். கையோடு வருவது மிச்சம். பெயிண்ட் செய்கிறவர்கள் அதை அடக்கத்தான் ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்கா, அலுமினா என்று சட்டை மாட்டி விடுகிறார்கள். 1972-ல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே பொருளின் மேல் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிளந்து காட்டிய பிறகு, பெயிண்டுக்காரனின் தலைவலி விஞ்ஞானிகளின் பிழைப்பாகிவிட்டது.

ஆனால் இந்தப் பொடிக்குப் பசி புற ஊதா ஒளிக்கு மட்டும்தான். ஒளியின் அலைநீளம் 388 நானோமீட்டருக்கு மேலே போனால், அனடேஸ் என்ற படிக வகைப் பொடி திரும்பிக்கூடப் பார்க்காது. வெயிலில் புற ஊதா நூற்றுக்கு நாலோ ஐந்தோ. அப்படியென்றால் அந்த நீலம் எப்படிப் போனது? அது மெத்திலீன் ப்ளூவாகத்தான் இருக்கும், எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். அந்தச் சாயம் தானே சிவப்பு ஒளியை வாங்கி, எலக்ட்ரானைப் பொடிக்குள் தள்ளிவிட்டுத் தானே சிதையும். கொஞ்சம் சாயம் பொடிமேல் ஒட்டிக்கொண்டு அடியில் போய் உட்காரும். இன்னும் கொஞ்சம் நிறமில்லாத வேறு வடிவத்துக்கு மாறும். நிறம் போனதால் சாயம் போனது என்று அர்த்தமில்லை.

அதனால் மச்சானிடம் சொல். பொடியைப் போட்டு முதலில் அரை மணி நேரம் இருட்டில் கலக்கச் சொல்லட்டும், ஒட்டுவது ஒட்டட்டும். பொடி போடாத பாட்டில் ஒன்றும் பக்கத்தில் அதே வெயிலில் நிற்கட்டும். நீலத் தண்ணீர் வேண்டாம், பட்டறைத் தொட்டியில் இருக்கிற கறுத்த தண்ணீரையே கொடுக்கட்டும். அதில் வெளிச்சம் அரை விரற்கடைகூட இறங்காது. கடைசியில் கண்ணால் பார்க்காமல், தண்ணீரில் கரிமம் எவ்வளவு மிச்சம் என்று லேபில் கொடுத்துப் பார்க்கட்டும். இத்தனைக்கும் அந்த ஆள் ஒத்துக்கொண்டால் ஒரு காபி வாங்கிக் கொடுக்கலாம். அட்வான்ஸ் மட்டும் கொடுக்க வேண்டாம்.

ஊரானுக்கு இவ்வளவு வக்கணையாகச் சொல்கிறேனே, என் கதையைக் கேள்.

ஐப்பசியில் ராத்திரி பத்து மணிக்கு உனக்கு போன் போட்டு, "பத்தொன்பது புள்ளி ஏழுடா!" என்று கத்தினேன் அல்லவா? நீயும், நோபல் வந்தால் என் பழைய கடனை அடைத்துவிடு என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்குத்தான் இத்தனை நாள் பதில் எழுத முடியவில்லை. எங்கள் சோலார் செல் வெயிலில் நூற்றுக்கு எத்தனை பங்கை மின்சாரமாக்குகிறது என்ற திறன் அது. 19.7 இல்லை. 15.2.

கதை இதுதான். எங்கள் லேபில் செய்வது பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகையை வைத்து ஒரு சோலார் செல். கண்ணாடி மேல் அதே டைட்டானியம் டை ஆக்சைடு மெல்லிசாக ஒரு படலம், அதன்மேல் கறுப்பாக மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடு. 1991-ல் ஓ'ரீகனும் கிரெட்சலும் சாயம் தோய்த்த டைட்டானியம் செல்லில் ஏறத்தாழ 7 சதவீதம் எடுத்தார்கள். மச்சானை ஏமாற்றிய அதே காரியம்தான், சாயம் பொடிக்குள் எலக்ட்ரானைத் தள்ளுவது. அந்தச் சாயத்தின் இடத்தில் பெரோவ்ஸ்கைட்டை வைத்து 2009-ல் மியசாகா குழு 3.8 சதவீதம் காட்டியது. இன்றைக்குச் சான்றிதழோடு 26-ஐத் தாண்டிவிட்டார்கள். நம் டெல்டாவின் ஐப்பசி ஈரத்தில் அந்தக் கறுப்புப் படலம் ஒரே ராத்திரியில் மஞ்சளாகிவிடும். அதையும் மீறி என் மாணவி நைட்ரஜன் பெட்டிக்குள் கையை விட்டபடி மூன்று மாதம் உட்கார்ந்து செய்தாள்.

திறன் என்பது மூன்று எண்களின் பெருக்கல். வோல்ட்டேஜ் 1.05. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 26 மில்லி ஆம்பியர். அந்த இரண்டின் பெருக்கலில் நிஜமாகக் கைக்கு வருகிற பங்கு, அதாவது ஃபில் ஃபாக்டர், 0.72. பெருக்கினால் 19.7. அந்த 26-ஐப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இந்தப் பொருள் 800 நானோமீட்டர் வரைக்கும்தான் ஒளியை வாங்கும். அதற்குள் விழுகிற ஒவ்வொரு ஃபோட்டானும் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்தாலே சுமார் 27-தான் வரும். கண்ணாடி திருப்பி அடிப்பதும் நடுவில் உள்ள படலங்கள் விழுங்குவதும் போக 26 எங்கிருந்து வரும்?

அந்தப் பெண் கேட்டாள், மாப்பிள்ளை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒவ்வொரு நிறமாக ஒளியைக் கொடுத்து எலக்ட்ரானை எண்ணுகிற இன்னொரு சோதனை உண்டு. அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதில் 21.6-தான் வருது" என்று வந்து நின்றாள். "அந்த மெஷின் லாம்ப் பழசும்மா, விடு" என்றேன். மறுவாரம் ஒரு கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினோம். ஒரு தினசரியில் அவள் படத்தோடு செய்தி வந்தது. அதை ஃப்ரேம் போட்டு மாட்டியும் விட்டார்கள்.

தையில் சித்தப்பாவின் வயலில் பயிர் இன்சூரன்ஸுக்கு மகசூல் பரிசோதனை போட்டார்கள். நீ பார்த்திருப்பாய்: ரேண்டம் எண் விழுகிற இடத்தில் 5-க்கு 5 மீட்டர் முளையடித்துக் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, நிறுப்பார்கள். கயிற்றின் மேலேயே நின்ற ஒரு குத்து உள்ளேயா வெளியேயா என்று பத்து நிமிஷம் பஞ்சாயத்து நடந்தது. நான் வரப்பில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

எங்கள் செல்லுக்குக் கயிறே கட்டவில்லை. 3-க்கு 3 மில்லிமீட்டர் என்று கணக்கில் எழுதினோமே தவிர, மேலே துளை போட்ட கறுப்புத் தகடு எதையும் வைக்கவில்லை. பக்கத்துக் கண்ணாடியில் விழுந்த வெளிச்சமும் உள்ளே ஓடி வந்து சேர்ந்துகொண்டது. நீளத்திலும் அகலத்திலும் கால் மில்லிமீட்டர் கூடினாலே பரப்பு 17 சதவீதம் கூடிவிடும். சித்தப்பாவிடம் சொன்னேன். "வரப்போரத்துக் கதிரையும் சேத்து அறுத்துட்டு, ஒரு மா நிலத்துக்குப் பதினெட்டு மூட்டை கண்டுமுதல்னு சொல்லியிருக்கே" என்றார். எம்.எஸ்சி. படித்த எனக்கு மூன்று மாதம் ஆனது, அவருக்கு மூன்று நொடி.

ஊருக்குத் திரும்பியதும் தகட்டுக்குப் பதில் துளை போட்ட கறுப்புத் தாளை வைத்து அளந்தோம். 22 மில்லி ஆம்பியர். அவளுடைய 21.6-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. திறன் 16.6. அதோடு முடிந்ததா? வோல்ட்டேஜை மேலிருந்து கீழே இறக்கி அளந்ததுதான் இது. கீழிருந்து மேலே ஏற்றினால் 13.9. உள்ளே அயனிகள் நகர்ந்துகொண்டே இருப்பதால் இந்த வகை செல் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று சொல்லும். 2014-லேயே இதை எழுதி எல்லோரையும் எச்சரித்துவிட்டார்கள். வகுப்பில் நானே பாடமும் எடுத்திருக்கிறேன். எடுத்து என்ன? பெரிய எண் வந்த பக்கத்தைத்தான் நானும் எழுதினேன். கடைசியில் அதிக சக்தி தரும் புள்ளியிலேயே செல்லை நிறுத்திவைத்து, அலைபாய்வது அடங்கும்வரை காத்திருந்து எடுத்ததுதான் 15.2. அதுவும் 25 டிகிரியில், ஏசி போட்டு. 1000 வாட் வெயிலையும் 25 டிகிரியையும் ஒன்றாக நம் ஊரில் எங்கே பார்ப்பது என்று என்னைக் கேட்காதே, உலகம் முழுக்கக் கணக்கு அதுதான்.

சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கருத்தரங்குக்கு எழுதிவிட்டேன். தவறு என்னுடையது, மாணவி முன்பே சுட்டிக்காட்டினாள் என்றும் சேர்த்தேன். ஃப்ரேமைக் கழற்றச் சொன்னேன், "இருக்கட்டும் சார், அட்மிஷன் முடியட்டும்" என்கிறார்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றாள். பரவாயில்லை என்று முகம் சொல்லவில்லை. இப்போது நான் எந்த எண்ணைச் சொன்னாலும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் எழுதுகிறாள்.

நீ ஊரெல்லாம் 19.7 என்று சொல்லி வைத்திருப்பாய். குறிப்பாக ஒட்டடைக்குச்சியிடம். அவனுக்கு நீயே சொல்லிவிடு, என்னால் ஆகாது.

அப்புறம் ஒரு உதவி. இப்போது பிளேடால் வெட்டிய கறுப்புத் தாளை வைத்து ஓட்டுகிறோம், ஓரம் பிசிறு பிசிறாக இருக்கிறது. அம்பத்தூரில் லேசர் கட்டிங் வைத்திருக்கும் உன் ஆளிடம் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் பத்துத் துண்டு வாங்கி அனுப்பு. துளை 2.5-க்கு 2.5 மில்லிமீட்டர், ஒரு பக்கம் கறுப்புப் பூச்சு. சரியாக இருக்கும் சார் என்று அவர் சொல்வார். சொல்லட்டும், வந்ததும் மைக்ராஸ்கோப்பில் வைத்து அவள் அளந்துகொள்வாள்.

பணம் ஜிபேயில் போடுகிறேன். பழைய கடனோடு சேர்த்துக் கணக்குப் பார்க்காதே.

அன்புடன்,
உன் பங்காளி