அந்த ஓட்டோ அண்ணைக்கு

2022 ஜூலை 9, கொழும்பு கோட்டை, ஜனாதிபதி பதவி விலகக் கேட்ட போராட்டம். ஜனாதிபதி மாளிகைப் பக்கம் கண்ணீர்ப்புகைக் குண்டுகள் விழ, கண் திறக்க முடியாமல் மதிலோரம் குந்தியிருந்தேன். "கசக்க வேண்டாம்" என்று அரைகுறைத் தமிழில் சொல்லி, போத்தல் தண்ணியை முகத்தில் ஊற்றி, ஓட்டோவில் ஏற்றி வெள்ளவத்தையில் வீட்டு வாசலில் இறக்கினீர்கள்.

முதல்நாள் இரவு போட்ட ஊரடங்கை அன்று காலைதான் எடுத்திருந்தார்கள். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. அப்படிச் சேர்த்த பெற்றோலை எனக்காக எரித்துவிட்டு, காசும் வாங்கவில்லை! (உலகம் முழுக்கப் போனதென்னவோ போராட்டக்காரர் உள்ளே போய்க் குளித்த மாளிகை நீச்சல்குளப் படங்கள்தான்.)

அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய 14ஆம் திகதி பதவி விலகல் கடிதம் அனுப்பினார். நீங்கள் இறக்கிவிட்ட அன்று உங்கள் பேரைக் கேட்க எனக்குக் குரல் வரவில்லை. யாராவது இதைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினால்: பொஹொம ஸ்துதி (மிக்க நன்றி), அண்ணை. பெற்றோல் காசு இன்னும் என் கடன்.