சனிக்கிழமை ஜெபமும் ஒரு சின்ன வேண்டுகோளும்

குழுவில் உள்ள எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு வழக்கம்போல ஜெபக்கூட்டம் உண்டு. தியானம் லூக்கா 18, விடாமல் நியாயம் கேட்ட விதவையின் உவமை.

அதைப் படித்ததும் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த அயர்லாந்து மிஷனரி எமி கார்மைக்கேல்தான் நினைவுக்கு வந்தார். 1895இல் இந்தியா வந்தவர், சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. 1901இல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமிக்கு இடம் கொடுத்ததில் தொடங்கியது அந்தப் பிள்ளைகள் பணி. ஆனால் என்னை அதிகம் தொடுவது பிற்பாடு நடந்ததுதான். 1931இல் குழிக்குள் விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையோடும் படுக்கையோடும்தான் வாழ்க்கை. ஏறக்குறைய 20 வருடம்! அந்த வலியிலும் எழுதினார், பிள்ளைகளுக்காக ஜெபித்தார். இரண்டு நாள் காய்ச்சலுக்கே வேதத்தை மூடி வைத்துவிடுகிறோம் (என்னைத்தான் சொல்கிறேன்). அவர் கல்லறையில் கல் இல்லை, பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது.

சரி, வேண்டுகோள் இது: நடமாட முடியாமல் வீட்டோடு இருக்கும் நம் சபைப் பெரியவர்களை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டிரண்டு பேராகப் போய்ப் பார்க்கலாம். பழமெல்லாம் அப்புறம், அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினாலே போதும். வர முடிகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.